3A லைனில் அடிக்காத சைரன்

என் பழைய வேலையை இப்போது பார்க்கும் உங்களில் ஒருவர் போன மாதம் என் போனுக்கு ஒரு படம் அனுப்பியிருந்தார். தோட்டத்துக் கருவிகளுக்கு ஐபி முகவரிகளும் சப்நெட்டுகள் என்னும் முகவரித் தொகுதிகளும் கணக்கிட்டுத் தரும் அந்தப் பழைய கணினி ஃபங்ஷனின் படம். அதில் ஒரு வரியைச் சிவப்பில் வட்டமிட்டு, “மேடம், இங்கே ஏன் ஓர் ஆளின் பெயர் இருக்கிறது? ஸ்கிரிப்ட் இந்த இடத்தில் நின்றுவிடுகிறது. எடுத்துவிடலாமா?” என்று கேட்டிருந்தார். கோலா தெர்லா பக்கம் புதிதாக ஒரு தோட்டத்தை இணைக்க வேண்டுமாம், அவசரமாம்.

எடுக்கக் கூடாது என்று பதில் போட்டேன். பிறகு யோசித்தேன். நான் சொன்னேன் என்பதற்காக இன்றைக்கு விட்டுவைப்பீர்கள். நாளைக்கு உங்களுக்குப் பின்னால் வருபவர் அதை எடுத்துவிடுவார். காரணம் தெரியாத வரியை எவரும் நெடுநாள் காப்பாற்ற மாட்டார்கள். அதனால் காரணத்தை எழுதிவிடுகிறேன். எழுத உட்கார்ந்தபோது கோபம் ஆறியிருக்கும் என்று நினைத்தேன். ஆறவில்லை.

ரிங்லெட்டுக்கு மேலே இருக்கும் நம் தேயிலைத் தோட்டத்தில் அப்போது தொழிலாளர் குடியிருப்புகள் ஐந்து லைன்களாக இருந்தன. ஒரு மழைக்காலத்தில் மண் சரிந்து வேலி ஒன்று போனதும் லைனுக்கு ஒரு சைரன் வைக்கக் கம்பெனி முடிவு செய்தது. மேலே சரிவில் மழைமானி. மழை அளவு தாண்டினால் ஃபேக்டரி மாடி அறையில் இருப்பவர் திரையில் அந்த லைனின் பொத்தானை அழுத்துவார். அந்த லைனின் கம்பத்தில் சைரன் அடிக்கும். சனங்கள் வெளியேறி மேட்டில் இருக்கும் மாதா கோயிலுக்குப் போய்விட வேண்டும். எல்லாக் கருவிகளும் ஃபேக்டரி டவர் வழியாக ஒரே நெட்வொர்க்கில் இருந்தன. அந்த நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்ளும் வேலை என்னுடையது.

முகவரிகளைக் கையால் எழுதினால் தப்பு வரும் என்று நான் ஒரு ஃபங்ஷன் எழுதினேன். லைனின் பெயரைக் கொடுத்தால், அந்த லைனுக்கான முகவரிகள் எங்கே தொடங்கி எங்கே முடிகின்றன, எந்தக் கருவிக்கு எது என்று அது சொல்லும். லைனின் எண்தான் முகவரியின் மூன்றாவது எண். 2ஆம் லைன் என்றால் 10.20.2 என்று தொடங்கும். அதற்குள் பத்தாவது முகவரி எப்போதும் சைரனுக்கு. பார்த்ததுமே எந்த லைன், எந்தக் கருவி என்று தெரிந்துவிடும். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

லைன்களின் பட்டியலை ஆபீஸ் கிராணி, அதாவது தோட்டத்துக் குமாஸ்தா, கொடுத்தார். 1, 2A, 2B, 3, 3A, 5. இரண்டாவது லைன் நீளமானது. அதன் மேல் முனையை 2A என்றும் கீழ் முனையை 2B என்றும் எழுதுவது ஆபீஸ் வழக்கம். இரண்டுக்கும் ஒரே கம்பம், ஒரே சைரன். ஆகவே பெயரில் எழுத்து இருந்தால் அதை உதறிவிட்டு எண்ணை மட்டும் எடுத்துக்கொள் என்று ஃபங்ஷனில் எழுதினேன். ஒரே முகவரி இரண்டு தரம் வந்தால் எச்சரிக்கும் வரி ஒன்றையும் முதலில் வைத்திருந்தேன். ஓட்டும்போதெல்லாம் 2A, 2B-க்காக அது எச்சரித்தது. தொல்லையாக இருந்ததால் அதை நானே நிறுத்திவிட்டேன்.

இந்த இடத்தில் உங்களில் பாதிப் பேர் தப்பைக் கண்டுபிடித்திருப்பீர்கள். நான் கண்டுபிடிக்கவில்லை. பட்டியலில் 4 இல்லை என்பதைக்கூட நான் கவனிக்கவில்லை.

மாதம் ஒரு நாள் காலை பத்து மணிக்குச் சோதனை. நான் ஃபேக்டரி மாடியிலிருந்து ஒவ்வொரு பொத்தானாக அழுத்துவேன். திரையில் அந்த லைனுக்கு எதிரே பச்சை விளக்கு எரியும். பிறகு லைனில் இருக்கும் ஒருவருக்குப் போன் செய்து கேட்பேன். 3A லைனில் போனை எடுப்பவர் கேட் காவலாளி சவரிமுத்து. ஐம்பத்தெட்டு வயது. உரக்கப் பேச மாட்டார். முதல் சோதனையின்போதே சொன்னார்.

“சத்தம் கேட்டுச்சு மேடம். ஆனா நம்ம கம்பத்துல இல்ல. கீழ மூணாவது லைன்ல அடிக்குது.”

“மலைச்சரிவுல சத்தம் அப்படித்தான் அண்ணே சுத்தி வரும். எனக்கு இங்க பச்ச வந்துருச்சு.”

“பச்ச வந்துச்சா.”

“வந்துருச்சு அண்ணே.”

“சரி மேடம்.”

அடுத்த மாதமும் அதையே சொன்னார். நானும் அதையே சொன்னேன். மூன்றாவது மாதம் அவர், “மேடம், நான் கம்பத்துக்கு நேரா அடியில நின்னேன். என் தலைக்கு மேல சத்தமே இல்ல லா” என்றார். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று அவரிடம் கேட்டேன். இப்போது நினைத்தாலும் கூசுகிறது. கம்பத்தின் அடியில் நிற்கும் மனிதருக்கு, ஒன்றரை மைல் தள்ளி மாடியில் உட்கார்ந்துகொண்டு, ஒலி எப்படிப் பயணம் செய்யும் என்று பாடம் எடுத்தேன். அதே காலையில் 3ஆம் லைன் ஆயா கொட்டகையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் அம்மா, “இங்க ரெண்டு தரம் அடிச்சுதுங்க” என்று சொன்னார். நல்லது என்று குறித்துக்கொண்டேன்.

அதன்பின் வந்த ஒரு மழை நாளில், மத்தியானம் மூன்று மணி சுமாருக்கு, மழைமானி 3A-க்கு மேலே உள்ள சரிவில் அளவு தாண்டியதாகக் காட்டியது. ஃபேக்டரி மாடியில் இருந்தவர் 3A பொத்தானை அழுத்தினார். திரையில் பச்சை வந்தது. 3ஆம் லைனில் சைரன் அடித்தது. அங்கிருந்தவர்கள் நனைந்தபடி கோயிலுக்கு ஓடினார்கள். அவர்களுக்கு எந்த ஆபத்தும் இல்லை.

3A-யில் சைரன் அடிக்கவில்லை. இளவயதுக்காரர்கள் எல்லோரும் மலையில் கொழுந்து வெட்டிக்கொண்டிருந்தார்கள். லைனில் இருந்தவர்கள் முதியவர்களும் ஆயா கொட்டகைப் பிள்ளைகளும்தான். சவரிமுத்து கீழே அடிப்பதைக் கேட்டார். தன் கம்பத்தைப் பார்த்தார். மூன்று மாதமாக யாரும் நம்பாத விஷயம் அவருக்கு மட்டும் தெரியும். கேட்டைத் திறந்தபடி விட்டுவிட்டு வீடு வீடாக ஓடிக் கதவைத் தட்டினார். பிள்ளைகளை ஆயாவோடு கோயிலுக்கு அனுப்பினார். எழுந்து நடக்க முடியாத ஒரு தாத்தாவை முதுகில் தூக்கிக்கொண்டு போனார். கடைசி ஆள் படியேறிய கொஞ்ச நேரத்தில் பின்வரிசை வீடுகளின் சமையலறைகளுக்குள் சேறு புகுந்தது. அடுப்படிச் சுவர்கள் மூன்று விழுந்தன. ஓர் ஆளுக்கும் காயம் இல்லை.

இந்த மனிதருக்கு அடுத்த நாள் ஆபீஸிலிருந்து கடிதம் போனது. பாராட்டுக் கடிதம் என்று நினைக்காதீர்கள். சைரன் பெட்டியின் சுவிட்சை அணைத்து வைத்ததற்காக ஏன் வேலைநீக்கம் செய்யக் கூடாது என்று கேட்கும் கடிதம். திங்கட்கிழமை விசாரணை.

தோட்டத்தில் வேலை போனால் வீடும் போகும். அவர் மனைவி கொழுந்து வெட்டுபவர் என்றாலும் வீடு சவரிமுத்துவின் பெயரில் இருந்தது. ஓய்வு பெற அவருக்கு இரண்டு வருடம் பாக்கி. மகள் கம்போங் ராஜாவில் ஒரு கடைவீட்டு மாடியில் ஒற்றை அறையில் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தாள். போவதற்கு வேறு இடம் இல்லை.

தோட்டத்தில் எல்லோரும் இன்னமும் துரை என்றே சொல்லும் மேனேஜர் சிரம்பானைச் சேர்ந்த தமிழர். கடிதம் போன விஷயம் தெரிந்து அவர் அறைக்குப் போனேன்.

“பெட்டி சாவி யார்கிட்ட இருக்கு? அந்தாள்கிட்ட” என்றார். “சத்தத்துல பேரப்புள்ள அழுவுதுன்னு ஆஃப் பண்ணியிருப்பான்.”

“அவர் மூணு மாசமா அடிக்கலன்னு சொல்லிட்டு இருக்கார் சார்.”

“நீங்கதான மேடம் பச்ச வருதுன்னு ரிப்போர்ட் குடுத்தீங்க? லோக்ல இருக்கு லா. 3A, சைரன் ஓகே, பதில் வந்துச்சு. மெஷினுக்கு அந்தாள் மேல என்ன கோவம்?”

 லோகில், அதாவது சிஸ்டம் தானாக எழுதிவைக்கும் பதிவில், அப்படித்தான் இருந்தது. அந்த ரிப்போர்ட்டுகளில் கையெழுத்தும் என்னுடையதுதான்.

சனிக்கிழமை காலை 3A-க்கு மடிக்கணினியோடு போனேன். சைரன்கள் வைத்தபிறகு நான் அந்த லைனுக்குப் போனது அதுதான் முதல் தடவை. சவரிமுத்து வாரியால் சேறு வாரிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் வாரியைச் சுவரில் சாய்த்தார். வாங்க என்றார், உட்காரச் சொல்லவில்லை.

“அண்ணே, சுவிட்ச தொட்டீங்களா?”

“சீல் வச்சிருக்கு மேடம். நீங்க வச்ச சீலுதான். வந்து பாருங்க.”

பார்த்தேன். பெட்டி பூட்டியிருந்தது. சுவிட்சின் மேல் ஒட்டியிருந்த சீல் கிழியவில்லை. துரையோ கிராணியோ ஐந்து நிமிடம் காரில் வந்து இதைப் பார்த்திருந்தால் அந்தக் கடிதம் போயிருக்காது. ஒருவரும் வரவில்லை.

சவரிமுத்து கேட் அறைக்குள் போய்த் தன் காவல் புத்தகத்தைக் கொண்டு வந்தார். மூன்று இடங்களில் பக்கத்தை மடித்து வைத்திருந்தார். “சைரன் இங்க அடிக்கல, மூணாவது லைன்ல அடிக்குது, மேடத்துக்குச் சொல்லியாச்சு.” மூன்று தடவையும் ஒரே வாக்கியம். ஒவ்வொரு பக்கத்தின் கீழும் கிராணியின் கையெழுத்து இருந்தது. வாராவாரம் புத்தகம் ஆபீஸுக்குப் போய்க் கையெழுத்தாகித் திரும்பும். படித்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

பெட்டியில் மடிக்கணினியைச் செருகினேன். சைரனின் முகவரி 10.20.3.10 என்று வந்தது. 3ஆம் லைன் சைரனின் முகவரியும் அதுதான் என்பது எனக்கு மனப்பாடம். இரண்டு பெட்டிகளுக்கு ஒரே முகவரி. டவருக்குப் பக்கத்தில் இருந்த 3ஆம் லைன் பெட்டி ஒவ்வொரு தடவையும் முந்திக்கொண்டு பதில் சொல்லியிருக்கிறது. அந்தப் பதில்தான் நான் மூன்று மாதம் நம்பிய பச்சை.

“என்ன மேடம், கண்டுபுடிச்சிட்டீங்களா?”

“கண்டுபுடிச்சிட்டேன் அண்ணே. திங்கக்கிழமை நானும் வரேன்.”

“யார் தப்பு?”

“என் தப்பு.”

அவர் சுவர்ப் பக்கம் திரும்பினார். வாரியை எடுத்துக்கொண்டார்.

ரிங்லெட்டில் இறங்கி பாய் கடையில் தேநீர் சொல்லிவிட்டு ஃபங்ஷனைத் திறந்தேன். “3” என்று கொடுத்தேன். “3A” என்று கொடுத்தேன். ஒரே விடை, ஓர் எண்கூட மாறவில்லை. 3A என்பது 2A மாதிரி ஒரு பாதி லைன் அல்ல. அது நான்காவது லைன். கட்டிய சீனக் குத்தகைக்காரர் நான்கு என்று போட விரும்பாமல் 3A என்று பலகை வைத்திருக்கிறார். சீனர்கள் நிறைய வாழும் இந்த நாட்டில் மாடிகளுக்கும் கடைகளுக்கும் வீடுகளுக்கும் இப்படித்தானே எண் போடுகிறார்கள்? சீன மொழியில் நான்கின் ஓசை சாவின் ஓசை. நிமிர்ந்து பார்த்தேன். பாய் கடையின் வாசலிலேயே 3A என்று இருந்தது. இருபது வருடமாக அந்தப் பலகைக்குக் கீழே உட்கார்ந்து தேநீர் குடிக்கிறேன்.

“பாய், உங்க கட நாலாம் நம்பர் தானே?”

“என்ன மேடம், நேத்துதான் கப்பல்ல வந்து எறங்குனீங்களா?” என்றார். பக்கத்து மேசையில் இருந்த லோரி டிரைவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஞாயிறு முழுக்க அறிக்கை எழுதினேன். இரண்டு பக்கம். சீலின் படமும் காவல் புத்தகத்தின் மூன்று பக்கங்களும் இணைப்பு.

திங்கட்கிழமை விசாரணை அறையில் துரை, கிராணி, யூனியன் தலைவர், சவரிமுத்து, நான். சவரிமுத்து இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை அணிந்திருந்தார். எல்லோரும் உட்கார்ந்திருக்க அவர் மட்டும் நின்றார். நாற்காலி காலியாக இருந்தது.

நான் அறிக்கையைப் படித்தேன். ஒரே முகவரி இரண்டு தரம் வந்தால் எச்சரிக்கும் வரியை நான் நிறுத்தி வைத்ததையும் படித்தேன். “எச்சரிக்கையை அணைத்தவர் யார் என்று இந்த விசாரணை கேட்கிறது. அணைத்தவர் நான்” என்று முடித்திருந்தேன். கிராணி ஜன்னல் பக்கம் பார்த்தார்.

துரை பேனாவின் மூடியைத் திருகினார். பிறகு சொன்னார்.

“சரி, சுவிட்ச் விஷயத்த விட்டுருவோம். ஆனா ட்யூட்டி நேரத்துல கேட்ட தொறந்து போட்டுட்டுப் போனது போனதுதான். கேமராவுல இருக்கு. அதுக்கு ஒரு வார்னிங் லெட்டர் குடுத்தாகணும். ஃபைல க்ளோஸ் பண்ண ஏதாவது வேணும்ல?”

யூனியன் தலைவர் மேசையைப் பார்த்து, “வார்னிங்தான, வேல போகலல்ல” என்று மெதுவாகச் சொன்னார்.

என் பணிக்காலத்தில் நான் பார்த்த சேதங்களும் முட்டாள்தனங்களும் நிறைய. அவற்றில் பலவற்றை மறந்துவிட்டேன். இந்த வாக்கியத்தை மறக்கவில்லை. பிள்ளைகளையும் முதியவர்களையும் சேற்றிலிருந்து காப்பாற்றிய மனிதரின் ஃபைலை மூட ஒரு தண்டனை தேவைப்பட்டது. கடிதம் எழுத ஆரம்பித்துவிட்டார்கள், அதனால் எதையாவது எழுதியே முடிக்க வேண்டும். அதற்கு முன்பே ஒரு வார்னிங் அவர் பெயரில் இருந்தது. இன்னொன்று விழுந்தால் ஓய்வுக்குப் பிறகு வீட்டில் ஆறு மாதம் தங்கும் அனுமதியும் போய்விடும். இது துரைக்கும் தெரியும்.

சவரிமுத்து அப்போதுதான் முதல் தடவையாக வாய் திறந்தார்.

“கேட்ட விட்டுட்டுத்தான் போனேன் தொர. கேட்டு எங்கயும் ஓடிப் போவாது. புள்ளைங்களுக்குத்தான் ஓடத் தெரியல.”

 நான் அறிக்கையின் இன்னொரு பிரதியை மேசை மேல் வைத்தேன்.

“அந்த லெட்டர் போனா, இந்த ரிப்போர்ட் டிஸ்ட்ரிக்ட் ஆபீஸுக்கும் போகும் சார். புத்தகத்துப் பக்கங்களோட.”

“மெரட்டுறீங்களா?”

“காப்பி யார் யாருக்குன்னு சொல்றேன் சார்.”

கடிதம் போகவில்லை. வார்னிங் எனக்கு வந்தது. அது எனக்கு வர வேண்டியதுதான், இப்போதும் வைத்திருக்கிறேன். ஆனால் கம்பெனிக்குப் போன இறுதி அறிக்கையைப் பிறகு பார்த்தேன். “கனமழையால் தொடர்பில் ஏற்பட்ட தொழில்நுட்பக் கோளாறு” என்று இருந்தது. என் ஃபங்ஷன் அதில் இல்லை. கையெழுத்துப் போட்ட கிராணி இல்லை. மூன்று மாதம் சொன்ன சவரிமுத்துவும் இல்லை. எல்லாப் பழியும் மழையின் மேல். அன்று பெய்த மழை அந்த மாதத்தில் இங்கே எப்போதும் பெய்யும் மழைதான்.

முகவரியை மாற்றி, 3A-யை 10.20.4 ஆக்கிய பிறகு சவரிமுத்துவிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். அவர் என்னை முடிக்க விடவில்லை.

“அது இருக்கட்டும் மேடம். நீங்க இப்ப ஃபேக்டரிக்குப் போங்க. போய் அமுக்குங்க. நான் கம்பத்துக்கு அடியில நிக்கிறேன்.”

போனேன். அழுத்தினேன். திரையில் பச்சை வந்தது. நான் அதைப் பார்க்காமல் போனைக் காதில் வைத்திருந்தேன். சைரன் காதைக் கிழித்தது. நின்ற பிறகு அவர் குரல் வந்தது.

“அடிச்சுது மேடம்.” பிறகு, “எங்க கம்பத்துல” என்றார்.

இரண்டு வருடம் கழித்து அவர் ஓய்வு பெற்றார். கம்பெனி அவரை வெளியே அனுப்ப நினைத்த நாளில் இல்லை, தன் வயது முடிந்த நாளில். ஆறு மாதமும் அந்த வீட்டிலேயே இருந்து, மகளுக்குக் கம்போங் ராஜாவில் பெரிய இடம் கிடைத்த பிறகு அங்கே போனார்.

அன்று நான் ஃபங்ஷனில் எழுதிய வரிதான் உங்களை நிறுத்துகிறது. தெரியாத எழுத்தோடு ஒரு லைன் பெயர் வந்தால் அது எதையும் ஊகிக்காது. கணக்கை நிறுத்திவிட்டு, “லைனுக்குப் போய்ப் பார். சவரிமுத்துவைக் கேள்” என்று சொல்லும். அவர் இப்போது அங்கே இல்லை என்று உங்களில் ஒருவர் எழுதியிருந்தார். தெரியும். கேட்டில் இன்று வேறொருவர் இருப்பார். அவர் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டு இந்தப் பெயரை மாற்றிக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை.

வரியையே எடுத்துவிட வேண்டும் என்பவர் கோலா தெர்லாவுக்குப் போய், அங்கே லைன்களில் மாட்டியிருக்கும் பலகைகளை ஒவ்வொன்றாகப் படிக்கட்டும். பிறகு மழை நாளில் ஏதாவது ஒரு கம்பத்துக்கு அடியில் நின்றுகொண்டு எடுக்கட்டும்.